பி.ஆர். என்றால் என்ன? குடும்பத்தோடு வெளிநாட்டு வேலைக்குச் செல்ல எண்ணுவோருக்கு ஓர் அடிப்படை விளக்கம்

கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் நர்சிங் படித்த பெண்ணோ, டிப்ளமோ முடித்த பையனோ இருக்கும் வீடுகளில் ‘பி.ஆர்.’ (பெர்மனன்ட் ரெசிடென்ஸ், அதாவது நிரந்தர வசிப்புரிமை) என்ற சொல் இப்போது அடிக்கடி கேட்கிறது. பேசுகிறவர்களில் பலர் அதை வேலை விசா என்று எண்ணிக்கொள்கிறார்கள். சிலர் குடியுரிமை என்றே நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் தவறு. இந்த வேறுபாடு தெரியாமல் நகையை அடகு வைத்து, இருக்கும் வேலையையும் விட்டுவிட்டுக் கிளம்பும் குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

குடியுரிமை ஆவண விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை வரக் காரணம் உண்டு. என் தாத்தா இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கேயே வேலை செய்து, அங்கேயே மணம் முடித்தவர். ஆனால் 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவரைப் போன்ற மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவானது. அந்தக் கணக்கில் ஒருவராகத் தாத்தாவும் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இந்த நீலகிரி மலைக்கு வந்து, டேன்டீ என்னும் தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றார். ஒரு நாட்டில் நீண்ட காலம் வாழ்வது வேறு, அங்கே வாழ்வதற்கான உரிமை கையில் இருப்பது வேறு என்பதை எங்கள் வீட்டில் யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ஒரு வெளிநாட்டில் நீங்கள் தங்கியிருப்பதற்கான உரிமை மூன்று படிகளில் அமைகிறது. முதலாவது வேலை அனுமதி. இதை நம் மலையில் இருப்பவர்களுக்குச் சொல்வதானால் தோட்டத் தொழிலாளர்களுக்கான லயன் வீட்டை நினைத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் வேலை இருக்கும் வரை வீடு உண்டு. வேலை போனாலோ ஓய்வு பெற்றாலோ வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேறு தோட்டத்துக்கு மாறினால் இந்த வீடு கூட வராது. பெரும்பாலான வேலை விசாக்களும் இப்படித்தான் ஒரு குறிப்பிட்ட முதலாளியோடு கட்டப்பட்டவை. கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோரின் விசாவும் அந்த ஒருவரின் வேலையைப் பிடித்துக்கொண்டே நிற்கும்.

இரண்டாவது நிரந்தர வசிப்புரிமை, அதாவது பி.ஆர். இதில் உரிமை முதலாளியின் கையிலிருந்து உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. எடுத்துக்காட்டாக, கனடாவில் இதைப் பெற்றவர் எந்த ஊரிலும் வசிக்கலாம், எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்கலாம், வேலையில்லாமலும் சில மாதங்கள் இருக்கலாம், பிள்ளைகளை அரசுப் பள்ளியில் கட்டணமின்றிச் சேர்க்கலாம், மாகாண மருத்துவக் காப்பீட்டையும் பெறலாம். ஆனால் வாக்களிக்க முடியாது. கடுமையான குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் உரிமையை இழக்கவும் நேரும். மிக முக்கியமாக, கடவுச்சீட்டு இந்தியாவுடையதாகவே இருக்கும். மூன்றாவது படியான குடியுரிமையில்தான் கடவுச்சீட்டும் நாடும் மாறுகின்றன. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

‘நிரந்தர’ என்ற சொல்லை அப்படியே நம்பிவிடக் கூடாது. கனடாவில் ஒவ்வொரு 5 ஆண்டுக் காலத்திலும் குறைந்தது 730 நாட்கள் அங்கே வசித்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் நிரந்தர விசாவில் வெளியே போய்த் திரும்பி வரும் வசதி 5 ஆண்டுகளுக்குத்தான். அதற்குப் பிறகு வெளிநாடு சென்று திரும்ப வேண்டுமானால் தனி விசா எடுக்க வேண்டும். பிரிட்டனில் தொடர்ந்து 2 ஆண்டுகள் வெளியே இருந்தால் பொதுவாக உரிமை காலாவதியாகும். ஜெர்மனியில் பொதுவாக 6 மாதங்களே கெடு. அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை என்று ஊருக்கு வந்து ஓர் ஆண்டு தங்க நேரும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு வெறும் விதியல்ல, வாழ்க்கைக் கணக்கு.

இந்த உரிமையை அடைய இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று, முதலில் வேலை விசாவில் சென்று, குறிப்பிட்ட ஆண்டுகள் உழைத்த பின் நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிப்பது. பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா ஆகியவை பெரும்பாலும் இந்த வகை. ஜெர்மனியில் நீல அட்டை (உயர்கல்வி பெற்ற பணியாளர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய வேலை அனுமதி) பெற்றவர்கள் 27 மாதங்களில் நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஜெர்மன் மொழியில் பி1 என்னும் இடைநிலையை எட்டியிருந்தால் 21 மாதங்களே போதும். மொழி கற்பதற்கு இவ்வளவு நேரடியாகப் பலன் தரும் நாடு குறைவு என்பதால், கோவைக்குப் போய் ஜெர்மன் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளின் முயற்சியை நான் மதிக்கிறேன். அமெரிக்காவின் நிலை வேறு. வேலைவழி நிரந்தர உரிமை ஆண்டுக்குச் சுமார் 1,40,000 பேருக்குத்தான். அதிலும் பொதுவாக ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது. விண்ணப்பிக்கும் இந்தியர்கள் மிக அதிகம் என்பதால், வரிசையில் நிற்கும் காலம் பத்தாண்டுகளைத் தாண்டிப் போகிறது. அங்கே வேலை கிடைத்தது என்பதற்கும் அங்கே குடியமர்ந்தோம் என்பதற்கும் இடையில் ஒரு குழந்தையின் பள்ளிப் பருவம் முழுவதும் கடந்துவிடக்கூடும்.

மற்றொரு பாதை, இங்கிருந்தபடியே நேரடியாக நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிப்பது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் இதற்குப் பெயர் பெற்றவை. விண்ணப்பிப்பவரின் வயது, படிப்பு, அனுபவம், மொழித் திறன் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் இந்த முறையைக் கனடா 1967இல் கொண்டுவந்தது. இன்று அங்கே நடப்பில் உள்ள ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ என்னும் இணையவழி ஏற்பாடு 2015 ஜனவரியில் தொடங்கியது. இதில் இரண்டு தனித்தனி மதிப்பெண் கணக்குகள் இருப்பதால் புதியவர்கள் குழம்புகிறார்கள். வெளிநாட்டுத் திறன் பணியாளர் பிரிவில் நுழையவே 100க்கு 67 பெற வேண்டும். இது வாசல் மட்டுமே. உள்ளே போனபின் 1,200 மதிப்பெண்ணுக்கான தரவரிசை இருக்கிறது. அரசு அவ்வப்போது அந்த வரிசையின் மேலிருந்து ஆட்களை அழைக்கிறது. ஆகவே 67 வந்துவிட்டது, இனி பி.ஆர். உறுதி என்று யாராவது சொன்னால், பாதிதான் சொல்கிறார் என்று பொருள்.

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றில் ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். கணவருக்கு வயது 38, பி.காம். படித்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு பார்க்கிறார். மனைவிக்கு வயது 31, பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, கோவையில் ஒரு மருத்துவமனையில் 7 ஆண்டுகள் பணியாற்றியவர். வழக்கப்படி குடும்பத் தலைவர் என்று கணவரின் பெயரில்தான் விண்ணப்பம் போடத் தோன்றும். ஆனால் கனடாவின் தரவரிசையில், துணைவருடன் விண்ணப்பிக்கும் 31 வயதுக்காரருக்கு வயதுக்காக 90 மதிப்பெண். 38 வயதுக்காரருக்கு 55தான். ஒரே குடும்பம், ஒரே விண்ணப்பம். முதன்மை விண்ணப்பதாரர் மாறினாலே 35 மதிப்பெண் வேறுபடுகிறது. மேலும், மருத்துவத் துறையினரை மட்டும் தனியாக அழைக்கும் வழக்கமும் 2023 முதல் அங்கே வந்திருக்கிறது. மனைவி முதன்மை விண்ணப்பதாரராக இருப்பதில் யாருக்கும் குறைவில்லை. உரிமை கிடைக்கும்போது கணவருக்கும் பிள்ளைகளுக்கும் அதே நிரந்தர உரிமை கிடைக்கிறது. கணவரின் ஆங்கிலத் தேர்வும் படிப்பும்கூடத் துணைவர் கணக்கில் சில மதிப்பெண்களைச் சேர்க்கும்.

வயதை யாராலும் மாற்ற முடியாது. 30 வயதிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளும் மதிப்பெண்ணைக் குறைத்து, 45இல் சுழியமாக்கிவிடும். நம் கையில் இருப்பது மொழித் தேர்வு. அதே செவிலியர் ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வின் பொதுப் பயிற்சிப் பிரிவில் நான்கு பகுதிகளிலும் 6 வாங்கினால் ஒரு நிலை. கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 வாங்கினால் அதைவிட இரண்டு நிலை உயர்வு. இந்த உயர்வு மொழிக்காக 52 மதிப்பெண்ணையும், படிப்பும் அனுபவமும் மொழியோடு சேர்ந்து தரும் கூடுதலாக 37ஐயும் கொண்டுவருகிறது, மொத்தம் 89. முகவருக்குக் கொடுக்கும் எந்தத் தொகையும் இந்த 89ஐ வாங்கித் தராது; ஆறு மாதம் ஒழுங்காகப் படித்தால் வரக்கூடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஐ.இ.எல்.டி.எஸ்ஸில் உயர்கல்விக்கான தேர்வு வேறு, பொதுப் பயிற்சித் தேர்வு வேறு. கனடாவின் நிரந்தர உரிமைக்குப் பொதுப் பயிற்சித் தேர்வுதான் செல்லும். மாற்றி எழுதிவிட்டுப் பணத்தை இழப்பவர்கள் இருக்கிறார்கள். முடிவுகள் 2 ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும்.

ஆஸ்திரேலியாவிலும் இதே போன்ற கணக்குதான். அங்கே 45 வயதுக்குள் இருக்க வேண்டும், குறைந்தது 65 மதிப்பெண் வேண்டும், விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் தொழிலுக்குரிய அமைப்பு உங்கள் திறனை மதிப்பிட்டிருக்க வேண்டும். பெருநகரங்களுக்கு வெளியே வாழ ஒப்புக்கொள்பவர்களுக்கு 5 ஆண்டு விசா ஒன்றும் உண்டு. அதில் 3 ஆண்டுகள் நிபந்தனைப்படி வாழ்ந்து உழைத்தபின் நிரந்தர உரிமை கேட்கலாம். சிற்றூர் வாழ்க்கைக்குப் பழகிய நம் மக்களுக்கு இது பொருத்தமான வழி என்பது என் கருத்து.

செவிலியர், மருத்துவர், ஆசிரியர் போன்றோர் ஒன்றை மறக்கக் கூடாது. நிரந்தர உரிமை வசிக்கவும் வேலை தேடவும் அனுமதிக்கிறதே தவிர, அந்தத் தொழிலைச் செய்ய அனுமதிப்பதில்லை. அதற்கு அங்குள்ள தொழில் பதிவு அமைப்பின் உரிமம் தனியாக வேண்டும். பி.ஆர். கிடைத்து விமானம் ஏறிய பின் உரிமத்துக்காகப் பல மாதங்கள் காத்திருந்து, வேறு வேலை பார்த்து வாடகை கொடுக்கும் நிலை பலருக்கு ஏற்படுகிறது. அந்தப் பதிவுக்கான வேலையை இங்கிருக்கும்போதே தொடங்கிவிடுவது நல்லது.

வளைகுடா நாடுகளை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் அங்கே சாதாரணத் தொழிலாளிக்கு நிரந்தர உரிமைக்கான பாதை இல்லை. அங்கேயே பிறந்து வளரும் பிள்ளைக்கும் குடியுரிமை கிடைப்பதில்லை. சம்பாதித்துவிட்டுத் திரும்பி வர வேண்டும் என்ற தெளிவோடு போகிறவர்களுக்கு அது நேர்மையான வழி. குடும்பமாகக் குடியமர அது வழியல்ல.

இனி குடும்பம். நாம் குடும்பம் என்று சொல்வதில் தாத்தா, பாட்டி, மணமாகாத தங்கை எல்லோரும் அடக்கம். குடிவரவுச் சட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள், அவ்வளவே. பெற்றோரைக் கூடவே அழைத்துச் செல்ல முடியாது. கனடாவில் பின்னர் அவர்களுக்கு ஒரே தடவையில் 5 ஆண்டுகள் வரை தங்கக்கூடிய சூப்பர் விசா கேட்கலாம். ஆனால் அது வருகை விசாதான். பிள்ளைகளின் வயது வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். கனடாவில் 22 வயதுக்குக் கீழ், மணமாகாதவராக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 21. பிரிட்டனில் முதன்முதலில் செல்லும்போது 18க்குள் இருக்க வேண்டும். மூத்த மகள் பிளஸ் டூ படிக்கும் வீடுகளில், விண்ணப்பத்தின் காலக்கணக்கை அவளுடைய பிறந்த தேதியை முன்னால் வைத்துத்தான் போட வேண்டும். செலவு மிச்சம் என்றோ, அவன் பிறகு வரட்டும் என்றோ எண்ணி ஒரு பிள்ளையின் பெயரைக் கனடா விண்ணப்பத்தில் எழுதாமல் விடுவது மிகப் பெரிய தவறு. உடன் வராத பிள்ளையானாலும் பெயரைக் குறிப்பிட்டு மருத்துவப் பரிசோதனையும் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் பிற்காலத்தில் அந்தப் பிள்ளையை அழைத்துக்கொள்ளும் உரிமையையே சட்டம் பறித்துவிடக்கூடும்.

குடும்பத்தோடு செல்வதற்கான விதிகள் எவ்வளவு விரைவாக மாறக்கூடும் என்பதற்குப் பிரிட்டனின் பராமரிப்புப் பணியாளர் விசா ஒரு சான்று. முதியோர் இல்லங்களில் வேலை செய்யக் குடும்பத்தோடு போக வழி இருந்தது. 2024 மார்ச் 11 முதல் புதிதாகச் செல்லும் பராமரிப்புப் பணியாளர்கள் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ அழைத்துச் செல்ல முடியாது என்றானது. 2025 ஜூலை 22 முதல் அந்தப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. 5 ஆண்டுகளில் நிரந்தர உரிமை என்ற பொது வழக்கத்தை 10 ஆண்டுகளாக்கும் திட்டத்தையும் அந்த அரசு 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் முன்வைத்தது. பிரிட்டனுக்குச் செல்லும் பிற துறைத் திறன் பணியாளர்கள் மருத்துவக் கட்டணமாகப் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டும், பிள்ளைக்கு 776 பவுண்டும் முன்கூட்டியே செலுத்த வேண்டும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 3 ஆண்டு விசா என்றால் இது மட்டுமே 10,866 பவுண்டு. ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு முன் போனவரின் அனுபவத்தை வைத்து இன்று முடிவெடுக்கக் கூடாது. அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தை நீங்களே திறந்து, விண்ணப்பிக்கும் வாரத்தில் என்ன விதி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முகவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி இந்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978 முதல் இருக்கிறது. கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ குடிவரவு ஆலோசனை சொல்பவர் அந்த நாட்டின் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். என் உறவினர் ஒருவர் ‘பி.ஆர். உத்தரவாதம்’ என்ற பேச்சை நம்பிப் பல லட்சம் கொடுத்துவிட்டு, கடைசியில் கையில் ஒரு சுற்றுலா விசாவோடு நின்றார். நிரந்தர உரிமையை அரசு தவிர வேறு யாராலும் தர முடியாது. ஆகையால் அதற்கு உத்தரவாதம் தரவும் யாருக்கும் முடியாது.

உண்மையில் நம் பகுதியில் விண்ணப்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் பெயரில்தான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து, குடும்ப அட்டையில் வீட்டுப் பெயர், லயன் வீட்டில் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழில் பெயரே எழுதப்படாத நிலை. நமக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக இல்லாததால் தந்தையின் பெயரோ கணவரின் பெயரோ கடவுச்சீட்டில் அந்த இடத்தில் ஏறிக்கொள்கிறது. ஒரே குடும்பத்தில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் வெவ்வேறு குடும்பப் பெயர் வந்து நிற்கிறது. இது குற்றமல்ல, ஆனால் எல்லா ஆவணங்களும் ஒரே எழுத்தில் ஒத்துப்போக வேண்டும். திருமணப் பதிவும் அப்படியே. 2009ஆம் ஆண்டின் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும். ஹட்டியிலும் தோட்டத்துக் கோயிலிலும் மணந்தவர்கள் பலர் இன்னும் அதைச் செய்யவில்லை. நீலகிரிக்குரிய கடவுச்சீட்டு மண்டல அலுவலகம் கோவையில் இருக்கிறது. காவல்துறை நற்சான்றும் கடவுச்சீட்டுச் சேவை வழியாகத்தான் பெற வேண்டும். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர், அந்த நாட்டின் நற்சான்றையும் கொடுக்க வேண்டியிருக்கும். கனடா கடந்த 10 ஆண்டுகளில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த நாடுகள் அனைத்திலிருந்தும் அதைக் கேட்கிறது.

கடைசியாகக் குடியுரிமை. கனடாவில் 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் வசித்தவர், மற்ற நிபந்தனைகளும் நிறைவேறினால் குடியுரிமை கேட்கலாம். ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அந்நிய நாட்டின் குடியுரிமையைத் தாமாக ஏற்ற நாளிலேயே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது. கடவுச்சீட்டையும் ஒப்படைக்க வேண்டும். அதன்பின், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டையைப் பெற்று விசா இல்லாமல் வந்து போகலாம், தங்கலாம், வாக்களிக்க முடியாது. எனவேதான் பலர் நிரந்தர உரிமையோடு நின்றுவிடுகிறார்கள். அதுவும் ஒரு முழுமையான முடிவுதான்.

தேயிலை நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் இதற்கும் முன்னதாகவே யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர், கடவுச்சீட்டு இந்தியாவுடையதாகவே இருந்தாலும், விவசாய நிலத்தையோ தோட்ட நிலத்தையோ இங்கே வாங்க முடியாது. தானமாகவும் பெற முடியாது. ஓ.சி.ஐ. அட்டைக்காரருக்கும் இதே விதி. வாரிசாகப் பெறலாம், இங்கே வசித்தபோது வாங்கியதைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க வேண்டும். அரை ஏக்கர் தேயிலையைத் தானசெட்டில்மென்ட் மூலம் மகன் பெயருக்கு மாற்ற நினைக்கும் அப்பா, மகன் விமானம் ஏறுவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுவது நல்லது.